எல்லோரும் கொண்டாடும் கீர்த்தனை பிடிக்கவில்லையா? வாதிடும் முன் செய்ய வேண்டியவை

கர்நாடக சங்கீத ரசிகர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் ‘எனக்கு அந்தப் பாட்டு பிடிக்காது’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். ‘உனக்குக் கேள்வி ஞானம் போதாது’ என்பார் ஒருவர். ‘ஜனங்களுக்குப் பிடித்துவிட்டால் உங்களுக்கு ஆகாதே’ என்பார் இன்னொருவர். காபி ஆறிப்போகும் வரை பேச்சு நீளும். பாட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள்.

பிரபலமான உருப்படி பிடிக்காமல் போவதில் தப்பே இல்லை. அது பிடித்திருப்பதிலும் தப்பில்லை. பிடிக்காமை ஒரு வாதமாக நிற்க வேண்டும் என்றால் மட்டும் கொஞ்சம் வேலை இருக்கிறது. அந்த வேலையை ஒரு வாரத்தில், ஒரே ஒரு பாட்டை வைத்துக்கொண்டு எப்படிச் செய்வது என்பதுதான் இங்கே.

முதலில், எது பிடிக்கவில்லை?

‘பாட்டு பிடிக்கவில்லை’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் ஐந்து வெவ்வேறு குறைகள் ஒளிந்திருக்கலாம். உருப்படியே பிடிக்காமல் இருக்கலாம், அதாவது சாகித்யமும் (பாடல் வரிகள்) மெட்டும். உருப்படி சரி, இன்று பரவியிருக்கும் பாடாந்தரம், அதாவது குரு வழியாக வந்த பாடும் வடிவம், பிடிக்காமல் இருக்கலாம். பாடாந்தரமும் சரி, அன்றைக்குப் பாடியவர் பாடிய விதம் பிடிக்காமல் இருக்கலாம். எல்லாம் சரி, ஆயிரம் முறை கேட்டுச் சலித்திருக்கலாம். கடைசியாக, பாட்டின் மேல் எந்தக் குறையும் இல்லாமல், அதற்குக் கைதட்டும் கூட்டத்தின் மேல் எரிச்சலாக இருக்கலாம். இந்தக் கடைசி வகையைத்தான் பலரும் முதல் வகையாக வேஷம் போட்டு வாதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். சண்டை முற்றுவது பெரும்பாலும் அங்கேதான்.

பிரித்துப் பார்க்காவிட்டால் குற்றச்சாட்டு தப்பான வாசலில் போய் நிற்கும். தியாகராஜரின் ‘நகுமோமு’வை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அது ஆபேரியில் சதுச்ருதி தைவதத்தோடு (‘த’ சுரத்தின் சற்று உயர்ந்த வகை) பாடப்படுகிறது. 22ஆம் மேளமான, அதாவது தாய் இராகமான, கரகரப்பிரியாவின் வழி. 1904இல் எட்டயபுரத்தில் அச்சான சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ காட்டும் ஆபேரியோ 20ஆம் மேளத்தின் வழி, சுத்த தைவதம் (தாழ்ந்த ‘த’) கொண்டது. முத்துசாமி தீட்சிதரின் ‘வீணாபேரி’ அந்த ஆபேரிதான். சதுச்ருதி தைவதத்தோடு வருவதைக் கர்நாடக தேவகாந்தாரி என்று சொல்பவர்களும் உண்டு. ஆக, ‘நகுமோமுவில் பீம்பளாசி என்ற இந்துஸ்தானி இராகத்தின் வாடை அடிக்கிறது, அதனால் கனம் இல்லை’ என்று உங்களுக்குத் தோன்றினால், அந்தப் புகார் போக வேண்டிய இடம் இன்றைய பாடாந்தரம். தியாகராஜர் மேல் அதை வைத்தால் எதிராளி இரண்டே வாக்கியத்தில் உங்களை உட்கார வைத்துவிடுவார்.

இன்னொரு உதாரணம் சுவாதித் திருநாளின் ‘பாவயாமி ரகுராமம்’. மேடைகளில் கொண்டாடப்படும் இராகமாலிகை (பல இராகங்களைக் கோத்த) வடிவம் செம்மங்குடி சீனிவாச ஐயர் அமைத்தது. முன்பு அது முழுக்கச் சாவேரியில் இருந்தது. பல்லவிக்குச் சாவேரியை அப்படியே வைத்துக்கொண்டு, ஆறு சரணங்களுக்கும் நாட்டைக்குறிஞ்சி, தன்யாசி, மோகனம், முகாரி, பூர்விகல்யாணி, மத்யமாவதி என்று வரிசைப்படுத்தினார். ‘இராகங்கள் தாவித் தாவிப் போகின்றன, ஒன்றிலும் மனம் நிலைக்கவில்லை’ என்று நீங்கள் சொன்னால் அது நியாயமான விமர்சனமாக இருக்கலாம். சாகித்யகர்த்தாவை அதற்குப் பொறுப்பாக்க முடியாது. அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளில் இது இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவைப்படும் விஷயம். சாகித்யங்கள் திருமலையில் செப்பேடுகளில் கிடைத்தன. இன்று கேட்கும் மெட்டுகளில் பெரும்பாலானவை 20ஆம் நூற்றாண்டில் போடப்பட்டவை.

நாலு பதிவுகள், நாலு நாள்

ஒரே ஒரு உருப்படியைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு நாலு பதிவுகள் வேண்டும்: 1950கள் அல்லது 60களின் கச்சேரிப் பதிவு ஒன்று, கடந்த சில ஆண்டுகளில் பாடியது ஒன்று, வாத்தியத்தில் வாசித்தது ஒன்று, மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடப் பதிவு ஒன்று. பாடப் பதிவில் அலங்காரம் குறைவாக இருக்கும். அதனால் உருப்படியின் எலும்புக்கூடு அங்கேதான் தெரியும், அதை விட்டுவிடாதீர்கள்.

பழைய பதிவு தேடும்போது 78 வேக இசைத்தட்டைத் தவிர்ப்பது நல்லது. அதன் ஒரு பக்கம் சுமார் மூன்று, மூன்றரை நிமிடம்தான் ஓடும். பத்து நிமிடம் பாட வேண்டியதை அதற்குள் அடக்குவதற்காகச் சங்கதிகளை (ஒரே வரியைச் சிறிது சிறிதாக மாற்றிப் பாடும் வடிவங்களை) குறைத்தார்கள், காலத்தை ஓட்டினார்கள். ‘அந்தக் காலத்து வித்வான்களே அவசரமாகத்தான் பாடினார்கள்’ என்ற தவறான முடிவுக்குப் பலர் வந்ததற்கு இந்தத் தட்டுகள் ஒரு காரணம். வானொலிக் கச்சேரியோ சபா பதிவோ கிடைத்தால் அதை எடுங்கள்.

முதல் நாள் வாத்தியப் பதிவை மட்டும் கேளுங்கள். நாகஸ்வரம் அல்லது வீணை கிடைத்தால் உத்தமம். காரணம் எளிது: சாகித்யம் காதில் விழாது, பாடகரின் குரல் மேல் உள்ள பிரியமோ வெறுப்போ குறுக்கே வராது, பாட்டோடு ஒட்டிக்கொண்ட பக்தி, கல்யாண வீடு, தொலைக்காட்சி எல்லாம் கொஞ்சம் விலகி நிற்கும். நாகஸ்வரத்தில் கேட்டும் பிடிக்கவில்லை என்றால் உங்கள் குறை மெட்டின் மேல் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். நாகஸ்வரத்தில் பிடித்துவிட்டால், மெட்டைக் குறை சொல்லும் வாதத்தை அப்போதே கைவிட்டுவிடுங்கள். சாகித்யத்திலோ, பாடும் முறையிலோ, உங்கள் நினைவுகளிலோதான் தேட வேண்டும்.

இரண்டாம் நாள் பாடப் பதிவு, மூன்றாம் நாள் பழைய கச்சேரி, நாலாம் நாள் புதிய கச்சேரி. ஒரு நாளுக்கு ஒன்று, அதையும் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். நாலையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்டால் மூன்றாவது பதிவிலேயே காது களைத்துவிடும். நாலாவது அநியாயமாக மட்டமாகத் தெரியும்.

நோட்டுப் புத்தகத்தில் சாகித்யத்தைப் பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்று விஷயங்களைக் குறிக்க வேண்டும்.

ஒன்று, பாடகர் மூச்சு விடும் இடம். அங்கே ஒரு கோடு போடுங்கள். கோடு சொல்லின் நடுவில் விழுந்தால் வட்டமிடுங்கள். இது பதச்சேதப் (சொல் பிரிப்பு) பிரச்சினை. தெலுங்கோ சமஸ்கிருதமோ தெரியாவிட்டால், பொருளோடு அச்சான சாகித்யப் புத்தகம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொற்களை முதலில் பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் ‘உச்சரிப்பு சரியில்லை’ என்று சொல்லவே கூடாது.

இரண்டு, பல்லவியின் சங்கதிகள். எத்தனை என்பதை விட, ஒவ்வொன்றும் வரியின் எந்த இடத்தில் மாறுகிறது என்பது முக்கியம். நன்றாகக் கட்டிய சங்கதி வரிசையில் மாற்றம் ஓரிடத்தில் சின்னதாகத் தொடங்கும்; அடுத்த சங்கதி அந்த மாற்றத்தை வைத்துக்கொண்டே இன்னோர் இடத்தைத் தொடும்; கடைசிச் சங்கதிக்கு வரும்போது வரி முழுவதும் மாறியிருக்கும், ஆனாலும் முதல் வடிவம் உள்ளே தெரியும். ஹம்சத்வனியில் ‘வாதாபி கணபதிம்’ இதற்குப் பாடப்புத்தகம் மாதிரி. முத்துசாமி தீட்சிதர் இயற்றிய அந்தக் கிருதிக்கு இன்று பாடப்படும் சங்கதிகள் பல பின்னால் சேர்ந்தவை. மகா வைத்தியநாத ஐயர் பெயரைச் சொல்வது வழக்கம். பலவீனமான வரிசையில் ஒவ்வொரு சங்கதியும் முந்தையதைவிட வேகமாக ஓடும். ஓடிய பிறகு எதுவும் கையில் தங்காது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக் காட்ட முடிந்தால் உங்கள் வாதத்துக்கு முதுகெலும்பு கிடைத்துவிட்டது.

மூன்று, காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம். இதைக் கடிகாரத்தால் அளக்கலாம். ஒரு களை ஆதி தாளத்தில் (ஒவ்வொரு தட்டும் விரலும் ஒரு முறை) ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, எட்டு அட்சரம் (எண்ணிக்கை). தாளம் போட்டுக்கொண்டே நாலு ஆவர்த்தனத்துக்கு எவ்வளவு விநாடி ஆகிறது என்று பாருங்கள். மொத்தம் 32 அட்சரம். 32 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 60. 24 விநாடி ஆனால் 80. பல்லவியில் ஒரு முறை, சரணத்தின் முடிவில் ஒரு முறை அளக்கவும். பல்லவியில் 24 விநாடி எடுத்தது சரணத்தில் 21 ஆகிவிட்டால், 80இலிருந்து ஏறக்குறைய 91க்கு ஓடிவிட்டது என்று பொருள். காதுக்கு ‘ஏதோ பரபரப்பாக இருக்கிறது’ என்று மட்டும்தான் தெரிந்திருக்கும். இப்போது கையில் கணக்கு இருக்கிறது.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, இரண்டு களையை ஒரு களை என்று எண்ணிவிடுவது. ஓர் ஆவர்த்தனம் 11, 12 விநாடிக்கு மேல் போனால் சந்தேகப்படுங்கள். காணொளி இருந்தால் பாடகரின் கையைப் பாருங்கள்: ஒவ்வொரு தட்டும் விரலும் இரண்டிரண்டு முறை விழுந்தால் அது இரண்டு களை. எண்ணிக்கையை அதற்கேற்ப இரட்டிப்பாக்க வேண்டும்.

நாலு நாள் முடிந்ததும் குறிப்புகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். ஒரு குறை நாலு பதிவிலும் இருந்தால் அது பெரும்பாலும் உருப்படியின் குறை. ஒரே குருபரம்பரையில் வந்த இரண்டில் மட்டும் இருந்தால் பாடாந்தரத்தின் குறை. ஒன்றில் மட்டும் இருந்தால் அது அன்றைய பாட்டின் குறை. மூச்சுக்காகச் சொல் உடைவதும் இப்படித்தான்: பாடும் மூன்று பேரும் ஒரே இடத்தில் உடைத்தால், தாளத்துக்காக இயற்றியவரே அப்படி அமைத்திருக்கக்கூடும். ஒருவர் மட்டும் உடைத்தால் பொறுப்பு அவருடையது. நூறு சதவீதம் நிச்சயம் கிடையாது, ஆனால் வெறும் அபிப்பிராயத்தைவிட இது எவ்வளவோ மேல்.

‘லைட்’ என்று சொல்லும் முன்

பிரபலமான பாட்டுகளின் மேல் வைக்கப்படும் பெரிய குற்றச்சாட்டு கனம் இல்லை என்பது. அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: இராகம் லேசானது, பாட்டு துக்கடா (கச்சேரியின் கடைசியில் பாடும் சின்ன உருப்படி). இரண்டுமே சோதித்தால் ஆட்டம் காண்கின்றன.

இராகத்தை எடுத்துக்கொள்வோம். யமுனா கல்யாணி என்றதும் ‘கிருஷ்ணா நீ பேகனே’ நினைவுக்கு வரும். துக்கடா இராகம் என்று ஒதுக்கிவிடுவார்கள். திருவானைக்காவல் அப்புலிங்கத்தின் மேல் தீட்சிதர் பாடிய ‘ஜம்பூபதே’யும் அதே யமுனா கல்யாணிதான். பஞ்சபூதக் கிருதிகளில் ஒன்று. சௌக்க காலத்தில் (மெதுவான நடையில்), ஒவ்வொரு சுரமும் ஊறி நிற்க நகரும் அந்தக் கிருதியைக் கேட்ட பிறகு அந்த இராகத்தை லேசானது என்று சொல்ல வாய் வராது. காபியிலும் அப்படியே. ‘என்ன தவம் செய்தனை’ கச்சேரியின் கடைசியில் வரும். தியாகராஜரின் ‘இந்த ஸௌக்ய’ அதே காபியில் ஆழமாக நிற்கிறது. ஆகவே உங்கள் பாட்டு எந்த இராகத்தில் இருக்கிறதோ அதில் வேறு காலப்பிரமாணத்தில் அமைந்த இன்னொரு உருப்படியைத் தேடிக் கேளுங்கள். அது கனமாக இருந்தால், குறை இராகத்தில் இல்லை. அதைக் கையாண்ட விதத்தில் இருக்கிறது. எந்தப் பிரயோகங்களை (இராகத்துக்கே உரிய சுரக் கோவைகளை) இந்தப் பாட்டு தொடவில்லை என்று இரண்டு மூன்றையாவது பாடிக் காட்ட முடிந்தால் எதிராளி யோசிப்பார்.

இனி, கச்சேரியில் வரும் இடம். வர்ணம், சில கிருதிகள், விரிவாகப் பாடும் பிரதான உருப்படி, தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிப்பது), பிறகு துக்கடாக்கள் என்ற இன்றைய கச்சேரிப் பத்ததிக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பெயரைச் சொல்வது வழக்கம். அந்த வரிசை மேடைக்கான ஏற்பாடு. அதை மதிப்பெண் பட்டியலாக வாசிப்பதுதான் தவறு. க்ஷேத்ரக்ஞரின் பதங்கள் (மெதுவாக நகரும் காதல் பாட்டுகள்) தனிக்குப் பிறகுதான் வருகின்றன. இராக பாவத்தின் அடர்த்தியில் அவற்றுக்கு நிகரானவை பிரதான உருப்படிகளிலேயே அரிது; வீணை தனம்மாள் குடும்பத்தின் பெருமையே அந்தப் பதங்களில் இருக்கிறது. 1940களின் தமிழிசை இயக்கம் எழுப்பிய கேள்வியும் இதைத் தொட்டதுதான். தமிழ்ப் பாட்டுகளுக்குக் கச்சேரியின் வாலில் மட்டும் இடம் என்றால், அவை லேசானவை என்ற எண்ணம் கேட்பவர் மனத்தில் தானாக வளராதா? 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாடும், 1943இல் சென்னையில் அமைந்த தமிழ் இசைச் சங்கமும் அந்தக் கேள்வியின் விளைவுகள். எனவே ‘துக்கடா, ஆகவே தரம் குறைவு’ என்ற வாதத்தை முன்வைக்காதீர்கள். இடம் கொடுத்தவர்கள் யார், ஏன் கொடுத்தார்கள் என்ற கேள்வி உடனே திரும்பி வரும், வரவும் வேண்டும்.

ரசனையை நிறுவனங்கள் எப்படி உருவாக்குகின்றன என்பதற்கு ஒரு துல்லியமான உதாரணமும் உண்டு. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. கமகம் (சுரத்தை அசைத்து நெளிப்பது) வராது என்பது முக்கிய வாதம். தடை முப்பது ஆண்டுக்கு மேல் நீடித்தது. கமகம் வராது என்பது இசை சார்ந்த காரணம், மறுக்க முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் வளர்ந்த ரசிகர்களுக்கு ஆர்மோனியம் ‘நாடகக் கொட்டகை வாத்தியம்’ என்ற அருவருப்பும் சேர்ந்தே வந்தது. முதலாவது வாதம். இரண்டாவது சாதி, வர்க்கம் எல்லாம் கலந்த ஒதுக்கல். உங்கள் பிடிக்காமையில் இந்த இரண்டில் எது எவ்வளவு இருக்கிறது என்று உங்களையே கேட்டுக்கொள்வது இந்த வழிமுறையில் கஷ்டமான பகுதி. ஒரு சோதனை: இதே பாட்டை நீங்கள் மதிக்கும் மூத்த வித்வான், ஐம்பது பேர் மட்டும் உட்கார்ந்திருக்கும் சின்ன அறையில் பாடினால் பிடிக்குமா? பிடிக்கும் என்று மனம் சொன்னால், உங்களுக்குப் பிடிக்காதது பாட்டு இல்லை.

பிரபலம் என்றால் லேசானது என்று மட்டும் நினைக்கவும் கூடாது. கனமானது என்ற பெயரில் கைதட்டல் வாங்கும் சமாச்சாரங்களும் உண்டு. கல்பனாஸ்வரத்தின் (மேடையிலேயே கற்பனை செய்து பாடும் சுரங்கள்) முடிவில் வரும் கோர்வையை, அதாவது கணக்குப் போட்டுக் கட்டிய சுரத் தொடரை, பாருங்கள். மூன்று முறை வந்து எடுப்பில் (பாட்டு தொடங்கும் இடத்தில்) சரியாக விழுந்ததும் அரங்கம் அதிரும். அந்தக் கோர்வையின் சுரங்களை எழுதி, தாளத்தை மறந்து, கமகத்தோடு மெதுவாகப் பாடிப் பாருங்கள். இராகம் தெரிந்தால் நல்ல கோர்வை. தோடியில் பாடினாலும் கல்யாணியில் பாடினாலும் ஒரே மாதிரி வெறும் எண்ணிக்கையாக ஒலித்தால், அங்கே இராகம் கணக்குக்கு வழிவிட்டுவிட்டது. துக்கடாவைப் பழிப்பவர்கள் இதையும் அதே தராசில் வைக்க வேண்டும்.

சலிப்புக்கு வைத்தியம்

ஆயிரம் முறை கேட்டதால் வரும் வெறுப்பு உண்மையானது, ஆனால் அது பாட்டைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அடுத்த சங்கதி எங்கே போகும் என்று காதுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அதனால் கேட்பதே நின்றுவிடுகிறது. இரண்டு மூன்று மாதம் அந்தப் பாட்டை அறவே விட்டுவிடுங்கள். எங்காவது ஒலித்தால் எழுந்து போய்விடலாம். பிறகு, இதுவரை கேட்காத ஒரு வடிவத்தில் கேளுங்கள்.

‘எந்தரோ மஹானுபாவுலு’ இதற்குப் பொருத்தமான பாட்டு. திருவையாற்று ஆராதனை நேரலையில் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடுவதாகத்தான் பலர் அதை அறிவார்கள். கோஷ்டியில் நுணுக்கமான அசைவுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மழுங்கிவிடும். ஸ்ரீராகத்தில் ரிஷபமும் நிஷாதமும் பெறும் அசைவு தனிக் குரலில்தான் தெளிவாகக் கேட்கும். தனி ஒருவர், அவசரமில்லாமல், சரணத்தின் சுர சாகித்யங்களை ஒவ்வொன்றாகப் பாடும் பதிவைக் கேளுங்கள். வீணையில் கிடைத்தால் இன்னும் நல்லது. வேறு பாட்டோ என்று தோன்றும். தோன்றாவிட்டால், நாலு பதிவுச் சோதனைக்குத் திரும்பலாம்.

வாயைத் திறக்கும்போது

‘பிடிக்கவில்லை’ என்று சொல்வது உங்களைப் பற்றிய செய்தி. அதை யாரும் மறுக்க முடியாது. அதற்கு யாரையும் சம்மதிக்க வைக்கவும் முடியாது. ‘இன்றைக்குக் காலம் ஓடிவிட்டது’ என்பது சரிபார்க்கக்கூடிய செய்தி. ‘சங்கதிகள் வளரவில்லை’ என்பது காட்டி வாதிடக்கூடியது. ‘இதை ரசிப்பவர்களுக்கு ரசனை இல்லை’ என்பது மனிதர்கள் மேல் தீர்ப்பு. அதை நிரூபிக்க எந்தப் பதிவும் உதவாது. பேசும்போது இந்த நாலில் எதில் நிற்கிறோம் என்று தெரிந்து நின்றால் பாதிச் சண்டை வராது. நாலாவதுக்குப் போகவே வேண்டாம்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று ‘குறையொன்றுமில்லை’யை வைத்துப் பார்க்கலாம். ராஜாஜியின் சாகித்யம், கடையநல்லூர் வெங்கட்ராமனின் மெட்டு, சிவரஞ்சனி, காபி, சிந்துபைரவி மூன்றும் வரும் இராகமாலிகை, எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரல். வீட்டில் பெரியம்மாவுக்கு உயிரான பாட்டு. அவரிடம் ‘ஓவரா உருக்குறாங்க பெரியம்மா’ என்று ஆரம்பித்தால், எம்.எஸ்ஸையும் பெருமாளையும் பெரியம்மாவையும் ஒரே மூச்சில் குறை சொன்னதாக ஆகிவிடும். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்கலாம்: ‘பெரியம்மா, எம்.எஸ். அம்மா பாடினதுல உங்களுக்கு எந்த இடம் ரொம்பப் பிடிக்கும்? எனக்கு மூணு ராகமும் ஒரே சோகத்துல இருக்கிற மாதிரி படுது. ராகம் மாறுற இடத்துல உங்களுக்கு என்ன கேக்குது?’ பெரும்பாலும் அவர் பாடியே காட்டுவார். எந்தச் சொல்லில் குரல் நிற்கிறது, எங்கே இறங்குகிறது என்று சொல்வார். நீங்கள் கவனிக்காத ஒன்று அதில் இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தும் மனம் மாறவில்லை என்றால், ‘அந்த இடம் நல்லாத்தான் இருக்கு பெரியம்மா, முழுப் பாட்டா எனக்கு ஒட்டலை’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு பேரும் பாட்டைத்தான் பேசினீர்கள்.

இந்தப் பாட்டை அளக்க நிரவலையும் (ஒரே வரியை மாற்றி மாற்றி விரித்துப் பாடுவது) கல்பனாஸ்வரத்தையும் கொண்டுவருவதும் தவறு. அது அதற்காக எழுதப்பட்டதே இல்லை. சொல் கேட்பவர் மனத்தில் நேராகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகக் கட்டியது. அந்த வேலையை அது செய்கிறதா என்று கேளுங்கள். ‘செய்கிறது, ஆனால் மிகையாகச் செய்கிறது’ என்பது விமர்சனம். ‘இதில் தோடியின் ஆழம் இல்லை’ என்பது விமர்சனமே ஆகாது.

வாதம் கெட்டுப்போகும் வேறு சில இடங்கள். ‘பாவம் (உணர்ச்சி) இருக்கிறது’, ‘பாவம் இல்லை’ என்ற இரண்டும் எந்தப் பேச்சையும் நிறுத்திவிடும். யாராவது சொன்னால், எந்த வரியில், எந்தச் சொல்லில் என்று பணிவாகக் கேளுங்கள்; நீங்கள் சொன்னால் நீங்களே முந்திக்கொண்டு இடத்தைச் சொல்லிவிடுங்கள். ‘லட்சம் பேருக்குப் பிடித்திருக்கிறதே’ என்பதும் ‘லட்சம் பேருக்குப் பிடித்ததாலேயே சந்தேகம்’ என்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். எண்ணிக்கைக்கும் சங்கதிக்கும் சம்பந்தமில்லை. ‘சம்பிரதாயம்’ என்ற சொல்லை எடுத்தால் எந்த நூல், எந்தப் பரம்பரை என்று சொல்லுங்கள். வயலின் வெளிநாட்டு வாத்தியம்; முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் உள்ளே வந்து, இன்று அது இல்லாத கச்சேரியே அபூர்வம். சம்பிரதாயமும் நகர்ந்துகொண்டேதான் வந்திருக்கிறது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஆடல் ஆசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டு போகும். கலையைப் பற்றிய பேச்சு தொழில் நுணுக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு பழையது. நல்ல ரசனை என்று ஒன்று இருக்குமானால், அது பிடித்த பாட்டுகளின் பட்டியலில் இல்லை. காட்டிச் சொல்ல முடிவதில் இருக்கிறது. இதில் பாமரர், பண்டிதர் என்ற பேதம் கிடையாது. இராகத்தின் பெயர் தெரியாத ஒருவர் ‘அந்த இடத்தில் குரல் நடுங்குகிறது’ என்று சரியாகச் சொல்லிவிட்டால், இருபது இராகம் கண்டுபிடித்துவிட்டு ‘அருமை’ என்று மட்டும் சொல்பவரைவிட அவர் மேலான ரசிகர்.

மேடைக்குச் சொல்வது

பிரபலமான பாட்டுகளே திரும்பத் திரும்ப வருகின்றன என்பது உங்கள் உண்மையான ஆதங்கம் என்றால், அதைக் கச்சேரி முடிந்து வெளியே நின்று புலம்புவதால் பயன் இல்லை. பாடகர்களுக்கு விருப்பப் பாட்டு கேட்டுச் சீட்டு வருவது எப்போதும் அதே ஐந்தாறு பாட்டுகளுக்குத்தான். அவர்களும் அதைப் பார்த்துத்தான் ரசிகர்களின் விருப்பத்தை எடை போடுகிறார்கள். நீங்களும் சீட்டு அனுப்புங்கள்.

‘வேறு ஏதாவது நல்லதாகப் பாடுங்கள்’ என்று எழுதினால் அது மடித்து வைக்கப்படும். உருப்படியின் தொடக்கம், இராகம், இயற்றியவர் மூன்றையும் தெளிவாக எழுதுங்கள். அவர் பாடி நீங்கள் கேட்டதாக இருக்க வேண்டும்; பாடாந்தரம் இல்லாத உருப்படியை மேடையில் யாரும் எடுக்க மாட்டார்கள். பதமோ ஜாவளியோ கேட்பதாக இருந்தால், ஒன்றுக்குப் பதில் இரண்டு பெயர் எழுதினால் வாய்ப்பு கூடும். அன்றைக்கு ஏற்கெனவே விரிவாகப் பாடிய இராகத்தில் கேட்காதீர்கள், கட்டாயம் தவிர்த்துவிடுவார். தனி ஆவர்த்தனம் நடக்கும்போதே சபா ஊழியர் மூலம் கொடுத்துவிடுவது சரியான நேரம். தனி முடிந்த பிறகு கொடுத்தால் துக்கடா வரிசை மனத்தில் முடிவாகியிருக்கும். பெரிய விழா நாட்களில் நேரக் கட்டுப்பாடு கடுமையாக இருக்கும். கோவில் கச்சேரி, சின்ன சபா போன்ற இடங்களில் கேட்டால் பாடுவதற்கு வாய்ப்பு அதிகம். பாடினால், முடிந்ததும் போய் எந்தச் சங்கதி பிடித்தது என்று அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த கச்சேரிக்கு அந்த உருப்படி பட்டியலில் இருக்க அதுவே போதும்.